எண்ணும் எழுத்தும் பிறழா நெறி

கணிப்பொறிக்கு எழுத்தில்லை, எண்ணே உண்டு. அதன் நினைவகத்தில் கிடப்பன யாவும் 0 முதல் 255 வரையிலான எண்களே. அவ்வெண் ஒவ்வொன்றும் தங்கும் இடத்தைப் பைட்டு என்பர். எவ்வெண் எவ்வெழுத்தைச் சுட்டும் என வகுத்துரைக்கும் அட்டவணையே குறியேற்றம். அவ்வட்டவணை இன்னதென்று அறியாமல் எண்ணை எழுத்தாகக் காட்டப் புகும் நிரல், திறவுகோல் மாறிப் பூட்டைத் திருகுவானை ஒக்கும்.

224, 174, 133 என்னும் மூன்றெண்களைக் காண்க. யூ.டி.எஃப்-8 முறையில் இம்மூன்றும் சேர்ந்ததே தமிழின் அகரம். மேலை ஐரோப்பிய மொழிகளுக்கென அமைந்த ஒற்றைப் பைட்டு அட்டவணையால் படித்தாலோ, ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று அயற்குறிகள் வந்து நிற்கும். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஒருங்குறியில் ஐந்து குறியீடுகளாகும், யூ.டி.எஃப்-8 முறையில் 15 பைட்டுகளாகும். பிறழப் படித்தால் அத்தனையும் பொருளற்ற குறிக்குவியலே! அங்கு எண் கெடவில்லை. படித்த முறையே கெட்டது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. தரவு துண்டு துண்டாக வருங்கால், எழுத்தொன்றின் இரு பைட்டுகள் முன் துண்டிலும், எஞ்சிய ஒன்று பின் துண்டிலும் விழுதல் இயல்பு. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக்கும் நிரல், முறிந்த எழுத்துக்கு ஈடாக வினாக்குறியை இட்டுவிடும். அவ்வாறே பதிந்து வைத்துவிட்டால் முதலெண்ணும் மறையும். பின்னர் மீட்சி இல்லை. ஆகலின், நிறைவுறாத பைட்டுகளை நிறுத்தி வைத்து, அடுத்த துண்டோடு சேர்த்தே மாற்றல் வேண்டும்.

ஒருங்குறி வேரூன்றுமுன் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கென வெவ்வேறு குறியேற்றங்களைக் கொண்டிருந்தன. 1999-இல் தமிழ்நாட்டரசு டாம், டாப் எனும் செந்தரங்களை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. அவற்றுக்கு முன்னும் இடையிலும் தட்டெழுதப்பட்ட நூல்களும் இதழ்களும் பழங்கோப்புகளாய் இன்றும் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கும் திறவுகோல் அவ்வெழுத்துருவின் பெயரே. அப்பெயர் மறந்தால் கோப்பிருந்தும் பயனில்லை. செல்லரித்த காலத்தில் ஏடே அழிந்தது. இங்கோ ஏடிருக்கப் படிப்பு அழிகின்றது!

எனவே தமிழறிந்த நிரலர் செய்யத்தக்கன மூன்று. கோப்புதோறும் குறியேற்றத்தின் பெயரை எழுதி வைத்தல் ஒன்று. முதற்கோப்பை அழியாது காத்து, அதன் படியையே ஒருங்குறிக்கு மாற்றுதல் இரண்டு. மாற்றியதை முதலோடு ஒப்புநோக்கிய பின்னரே பரப்புதல் மூன்று. எண்ணைக் காத்தால் மட்டும் போதாது; அதனை எழுத்தாக்கும் நெறியையும் காத்தாலன்றித் தமிழ் நிலையாது!