சுழி பார்த்து வாங்கிய குதிரை

மட்டாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு குதிரை வாங்குவதைப் பற்றி இவருக்கென்ன எழுத்து என்று நம் சங்க அன்பர்கள் கேட்கலாம். காரணம் என் தங்கை மகன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் முப்பது உருப்படி மாடு வைத்திருக்கிறான். அமெரிக்காவில் மூன்று பேர் குதிரையேறி, 30 மாடுகள் உள்ள மந்தையிலிருந்து ஒரே எண் ஒட்டிய 3 மாடுகளை மட்டும் பிரித்துப் பட்டியில் அடைக்கும் போட்டியை வீடியோவில் பார்த்துவிட்டான். ஒன்றரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. அதுமுதல் தானும் குதிரையேறி மாடு ஓட்டிவர ஆசை.

சென்ற வருடம் ஒருவரிடம் வெள்ளைக் குதிரை வாங்கினான். நல்ல சுழி, ராஜ லட்சணம் என்றார்களாம். மேளத்துக்கு அழகாக ஆடியது. மாட்டுக் கூட்டத்தைக் கண்டதும் மிரண்டு பின்கால்களில் எழுந்து நின்றது. மருமகனுக்குக் காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. வரும் ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய் இதைவிட நல்ல சுழியாகப் பார்க்கப் போகிறானாம்!

அந்தியூர்ச் சந்தையை நான் குறை சொல்லவில்லை. மார்வாரி, கத்தியவாரி என்று நல்ல ஜாதிக் குதிரைகள் வருகின்றன. குறை நாம் பார்க்கும் பார்வையில்தான். ரயில்வேயில் அந்த நாளில் வண்டி நின்றதும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும், விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். பெட்டியின் பெயிண்டைப் பார்த்து யாரும் வண்டியை அனுப்பியதில்லை.

குதிரையையும் அப்படித் தட்டிப் பார்க்க வழியுண்டு. கெட்டித் தரையில் நேராக, மெல்லோட்டமாக ஓட்டிவரச் சொல்ல வேண்டும். முன்காலில் வலி இருந்தால் அந்தக் கால் ஊன்றும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும். 5 வயதில் முன்பற்கள் எல்லாம் நிலைப்பற்களாகிவிடும். சந்தையில் இளங்குதிரைக்குத்தான் மவுசு. ஆனால் புதிதாக ஏறுகிறவனுக்கு எட்டு, பத்து வயதான, வேலை பழகிய குதிரையே உத்தமம். முதலில் விற்பவர் ஏறிக் காட்டட்டும். பிறகு மாடுகளுக்கு நடுவே நடத்தட்டும். சொல்லாமல் இன்னொரு நாளும் போய்ப் பார்க்க வேண்டும். ஊசி போட்டுச் சாந்தமாக்கிய குதிரை மறுநாள் தன் சுயரூபத்தைக் காட்டிவிடும். கால்நடை மருத்துவரைக் கொண்டு ரத்தப் பரிசோதனையும் அவசியம். கிளாண்டர்ஸ் என்ற நோய் மனிதனுக்கும் தொற்றும், குதிரைக்கு வந்தால் கொல்வதைத் தவிர வழியில்லை.

ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குஜராத்தித் தெரு நண்பர் கத்தியவாரியைப் புகழ ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். குஜராத் போலீஸில்கூட அது இருக்கிறது. இருக்கட்டும். அமெரிக்கர்களின் குவார்ட்டர் குதிரையைத் தலைமுறை தலைமுறையாக மாட்டு வேலைக்கென்றே வளர்த்திருக்கிறார்கள். நம் குதிரைகள் போருக்கும் சவாரிக்கும் வளர்ந்தவை. மாடு என்றால் என்ன என்று நாம்தான் பொறுமையாகப் பழக்க வேண்டும். வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது நமக்குப் பழைய வியாதி. பாண்டிய நாட்டு மன்னர்கள் வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல் வழியே வரவழைத்தார்கள் என்றும், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போயின என்றும் மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

என் சொந்த அபிப்பிராயம், முப்பது மாட்டுக்குக் குதிரையே வேண்டாம். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில், முரட்டுத்தனத்துக்குப் பேர்போன செம்மாடுகளைக் காலால் நடந்தே மேய்த்துப் பட்டியில் அடைக்கிறார்கள். ஆனால் ஆசைப்பட்டவனிடம் இதைச் சொன்னால் மாமா பொறாமைப்படுகிறார் என்பான். ஆகவே வேறு விதமாக எழுதினேன். அந்த வெள்ளைக் குதிரையை மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில், நடுவில் வேலி வைத்து, மூன்று மாதம் கட்டிவை, பிறகு சந்தைக்குப் போவதைப் பற்றிப் பேசலாம் என்று.

அவனிடமிருந்து இன்னும் பதில் இல்லை. தங்கைதான் போனில் கேட்டாள்: "அண்ணா, அந்த மூணு மாசத்துக்குக் கொள்ளு யார் வாங்கறது?"