மீனுக்குக் கூலி உண்டு, அவரைக்காய்க்கு?

எங்க ஊர் தூத்துக்குடி. அதனால ஞாயித்துக்கிழமைன்னா மீன் குழம்பு. சீலாவோ சாளையோ, அன்னைக்கு என்ன கிடைக்குதோ அது. கூடவே வெஞ்சனமா ஒரு காய் இருக்கும், பெரும்பாலும் அவரைக்காய் பொரியல். "மீன் இருக்கும்போது காய் எதுக்கும்மா?"ன்னு ஸ்கூல் முடியுற வரைக்கும் கேட்டிருக்கேன். கேட்டுக்கிட்டே சாப்பிட்டும் இருக்கேன்.

இப்போ சென்னையில நாங்க நாலு பேர் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்கோம். ஞாயித்துக்கிழமை குழம்பு என் டிபார்ட்மெண்ட். புளி கரைச்சு, மசாலா கொதிச்சு, மாங்காய் வெந்ததும் மீனைப் போட்டு இறக்கினா, "மச்சி, செம்ம"ன்னு பாராட்டு வரும். காய் நறுக்குறது எங்கள்ல அதிகம் பேசாத ஒருத்தன். யாரும் அவனை அப்பாயிண்ட் பண்ணல. அவன் மறுக்கல, அவ்வளவுதான்.

போன மாசம் ஒரு நாள் அவன் வந்து கரண்டியை வாங்கிக்கிட்டான். "இன்னைக்கு குழம்பு நான். நீ அவரைக்காய் பாரு."

அரை கிலோதானே, பத்து நிமிஷம்னு நினைச்சேன். நுனியை ஒடிச்சு ஒரு பக்கம் நார் இழுக்கணும், காம்பை ஒடிச்சு மறுபக்கம். பிஞ்சா இருந்தா நார் பாதியில அறுந்துடும். முத்தலா இருந்தா தோலைத் தூக்கிப் போட்டுட்டு விதையை மட்டும் எடுக்கணும். உள்ள புழு இருக்கும், ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்க்கணும். நறுக்குறதுக்கு முன்னாடியே கழுவிடணும், அப்புறம் கழுவினா சத்து தண்ணியோட போயிடும். ஒரே அளவா நறுக்கலைன்னா பாதி குழையும், பாதி வேகாது. மொத்தம் 50 நிமிஷம் ஆச்சு. குழம்பு 30 நிமிஷத்துல முடிஞ்சுது. பாராட்டு குழம்புக்குத்தான் வந்தது!

அன்னைக்குத்தான் ஒண்ணு உறைச்சது. மார்க்கெட்ல மீனைச் செதில் எடுத்து வெட்டிக் கொடுக்குறவங்களுக்குத் தனியா காசு கொடுக்குறோம். அது வேலைன்னு ஒத்துக்குறோம். வாடகை, கேஸ், கரண்ட் பில்லைப் பைசா சுத்தமா நாலா பிரிக்குறோம். ஆனா காய் நறுக்குற நேரம் எங்க கணக்குல வந்ததே இல்ல.

இது எங்க ரூம் கதை மட்டும் இல்ல. 2019-ல மத்திய அரசோட நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்குப் பெண்கள் சராசரியா 299 நிமிஷம் செலவு பண்ணாங்க, ஆண்கள் 97. அந்த 97 கூட, வீட்டு வேலை பக்கமே போகாத ஆண்களை விட்டுட்டுப் போட்ட சராசரி. எல்லாரையும் சேர்த்தா இன்னும் குறையும்.

"நறுக்கின காய் பாக்கெட்லயே கிடைக்குதே"ன்னு சொல்லலாம். வாங்கிப் பார்த்தோம். கத்திரிக்காய் கறுத்துப் போயிருந்துச்சு, அவரைக்காய் நாரோட இருந்துச்சு. காயே வேண்டாம்னும் விட முடியல. புளிப்பும் காரமுமா இருக்குற குழம்புக்கு நடுவுல, தேங்காய்ப்பூ போட்ட அந்தப் பொரியல்தான் நாக்கை ஆத்துது. எங்க அம்மா அதை எதுக்கு வெச்சாங்கன்னு இப்போதான் புரியுது.

அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணேன். ஆறு நாள் வேலைக்குப் போயிட்டு ஏழாவது நாள் உக்காந்து நார் உரிச்சீங்களே, ஏன் ஒரு தடவை கூட என்னைக் கூப்பிடலைன்னு கேட்டேன். "கூப்பிட்டேனே, நீ படிக்கணும்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிடுவ"ன்னாங்க. கோபமா சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

இப்போ கிச்சன் சுவத்துல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கோம்: குழம்பு ஒருத்தன், காய் ஒருத்தன், பாத்திரம் ரெண்டு பேர், வாரா வாரம் மாறும். இந்த வாரம் நெத்திலி. காய் என் முறை. கத்திரிக்காயா இருக்கும்னு நம்பிக்கிட்டு இருந்தேன், அவன் வாழைப்பூ வாங்கிட்டு வந்து நிக்கிறான். ஒவ்வொரு பூவுலயும் கள்ளன் எடுக்கணுமாம்.