கிரைண்டர்ல மரம் அறுக்காதீங்க

"4 இன்ச் கிரைண்டர் வாங்கினா மரம் அறுக்கிற பிளேடு இலவசம்." ஆஃபர் சீசன் வந்தா இந்த மாதிரி காம்போ ஆன்லைன்லயும் கடையிலயும் கண்ணுல படும். வீட்ல ஒரு ஷெல்ஃப் அடிக்கணும், பரணுக்குக் கதவு போடணும்னு நினைக்கிற பல பேர் முதல்ல வாங்குறது இதைத்தான். டைல்ஸ், இரும்பு, மரம் எல்லாத்துக்கும் ஒரே மெஷின் போதும்னு கடைக்காரரும் சொல்லிடுவார்.

கிரைண்டர் வாங்குறதுல தப்பில்ல. அந்தப் பல் வச்ச பிளேடை மட்டும் அதுல மாட்டாதீங்க. இந்த இழை முழுக்க அதுக்குத்தான். கொஞ்சம் நீளம், ஆனா மெஷின் வாங்கப் போறவங்க கடைசி வரை படிச்சுடுங்க.

நான் அரசு மருத்துவமனையில அவசர சிகிச்சைப் பிரிவு டியூட்டி பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். கை அறுவை சிகிச்சை நிபுணர் இல்ல, ஆசாரியும் இல்ல. ஆனா துண்டைச் சுத்திக்கிட்டு வர்ற கையை முதல்ல பிரிச்சுப் பார்க்கிறது என்னை மாதிரி ஆளுங்கதான். வலது கைக்காரர்னா அடிபட்டிருக்கிறது பெரும்பாலும் இடது கை, அதாவது பலகையைப் பிடிச்சிருந்த கை.

ஏன் கிரைண்டர் கூடாது? 4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுற்று சுத்தும். கணக்குப் போட்டுப் பாருங்க, பிளேடோட விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிப் போகுது. வினாடிக்கு 180 சுற்று. 40 பல் இருக்கிற பிளேடுன்னா வினாடிக்கு 7,000 கடிக்கு மேல. "ஐயோ"ன்னு கையை இழுக்க மனுஷனுக்கு எப்படியும் கால் வினாடி ஆகும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

இரும்பு அறுக்கிற டிஸ்க்குக்குப் பல் கிடையாது, அது தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் அறுக்கும். மர பிளேடு கடிக்கும். அறுத்துக்கிட்டே போகும்போது பலகை லேசா வளைஞ்சு பிளவு மூடினா, பிளேடு அங்கேயே சிக்கும். சிக்கின பிளேடு நிக்காது. மொத்த மெஷினும் உங்க பக்கம் எகிறும். கிரைண்டருக்குப் பலகை மேல படுத்து உட்கார அடித்தட்டு கிடையாது, அந்தரத்துல உங்க மணிக்கட்டு பலத்துல நிக்குது. அதுல இருக்கிற பாதி வட்ட கார்டு தீப்பொறியையும் உடைஞ்ச டிஸ்க் துண்டையும் தடுக்கிறதுக்காக வச்சது. விரலைக் காப்பாத்த வச்சது இல்ல. பல மெஷின்ல சுவிட்சும் தள்ளினா லாக் ஆகிடும், கையை விட்டு நழுவினாலும் சுத்திக்கிட்டே இருக்கும்.

இதுக்கு மேல, 4 இன்ச் மெஷின்ல 5 இன்ச் பிளேடு போட கார்டையே கழட்டி எறியுற ஆளுங்களும் உண்டு. கிரைண்டர்ல மாட்டுற செயின்சா அட்டாச்மென்ட்னு ஒண்ணு விக்குறாங்க. அதைப் பத்திப் பேசவே பயமா இருக்கு.

"டாக்டர், எங்க ஆசாரி 20 வருஷமா மார்பிள் கட்டர்ல பிளைவுட் அறுக்கிறார், ஒண்ணும் ஆகலையே?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மார்பிள் கட்டர்ல அடித்தட்டு இருக்கு, அந்த வகையில கிரைண்டரை விடப் பரவாயில்ல. ஆனா அதுவும் கல் அறுக்கச் செஞ்ச மெஷின்தான். அடிப்பக்கப் பிளேடை மூடுற கார்டு அதுல கிடையாது. உங்க ஆசாரி தினமும் 8 மணி நேரம் அதைப் பிடிக்கிறவர். மரத்தோட சத்தம் மாறினாலே அவர் கை தானா பின்னால வந்துடும். நீங்க வருஷத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை பிடிக்கிறவர். அப்படியும் என் கிட்ட வர்றவங்கள்ல பழுத்த ஆசாரிகளும் இருக்காங்க, அதையும் சொல்லிடறேன். அவங்களுக்கு ஒழுங்கான மெஷின் வாங்கித் தராம, ஆள் கூலியில கறாரா பேசுற கான்ட்ராக்டர்கள் மேல எனக்குத் தனியா ஒரு கோபம் உண்டு.

அரிவாள், கத்தி வெட்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. கத்தி வெட்டுல ரெண்டு ஓரமும் நேரா இருக்கும், சேர்த்துத் தைக்கலாம். ரம்பம் மரத்துல எப்படித் தூளாக்கி ஒரு பாதை போடுதோ, அப்படியே விரல்லயும் போடும். ரெண்டு மில்லிமீட்டர் எலும்பு, தசைநார், நரம்பு, ரத்தக்குழாய் அப்படியே காணாமப் போயிருக்கும். இல்லாத இடத்தை எதை வச்சுத் தைக்கிறது? தைச்ச பிறகும், அறுந்த நரம்பு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மடக்குற தசைநாரைத் தைச்சா ஆறு வாரம் ஸ்பிளின்ட், மூணு மாசத்துக்குக் கனமான வேலை கிடையாது. டெய்லர், டிரைவர், டூவீலர் மெக்கானிக்குக்கு மூணு மாசம்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, அப்போ எதை வாங்குறது?

வீட்டு வேலைக்கு என் சாய்ஸ் ஜிக்சா. மெல்லிசா நீளமா ஒரு பிளேடு, தையல் மெஷின் ஊசி மாதிரி மேலயும் கீழயும் போய் வரும். வேகம் கம்மி, அடித்தட்டு பலகை மேல படுத்திருக்கும், எகிறினாலும் முகத்துக்கு வராது. இதுவும் விரலை வெட்டும்தான், குறிப்பா பலகைக்கு அடியில கை வச்சா. ஆனா வர்ற காயம் பெரும்பாலும் நாங்க தைச்சு அனுப்புற அளவுல இருக்கும். ஷெல்ஃப், செருப்பு ஸ்டாண்ட், பரண் கதவு எல்லாத்துக்கும் போதும். நேர்கோடு வரலைன்னு சொல்வீங்க. ஒரு நேரான ரீப்பரைப் பலகை மேல ரெண்டு கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டித் தள்ளுங்க. ஜிக்சா பிளேடு பெரும்பாலும் மேல் நோக்கி அறுக்கும், அதனால சன்மைக்கா ஒட்டின நல்ல பக்கத்தைக் கீழ வச்சு அறுத்தா ஓரம் பிசிறாது.

நிறைய பிளைவுட் அறுக்கணும்னா சர்க்குலர் சா. வாங்கும்போது கடையிலயே, பிளக் போடாம, கீழ் கார்டைக் கையால பின்னால தள்ளி விட்டுப் பாருங்க. டக்குனு தானா மூடணும். மூடாத மெஷினை வாங்காதீங்க. வாங்கின பிறகு, இடைஞ்சலா இருக்குன்னு அந்தக் கார்டுக்கு ஆப்பு வச்சுத் திறந்தே விடாதீங்க. மொத்தமே ஒரு முழு ஷீட் பிளைவுட்னா மெஷினே வேண்டாம். பல பிளைவுட் கடைகள்ல அளவு எழுதிக் கொடுத்தா அறுத்தே தர்றாங்க.

பிளேடோட ஆழத்தைப் பலகை தடிமனை விட ஒரு பல் அளவு மட்டும் கூட வைங்க. அறுந்து விழற துண்டு தாராளமா விழட்டும். ரெண்டு முனையிலயும் ஸ்டூல் முட்டுக் கொடுத்து நடுவுல அறுத்தா பலகை தொய்ஞ்சு பிளேடைக் கவ்வும், மேல சொன்ன எகிறல் அங்கதான் நடக்கும். பலகையைக் கிளாம்ப் பிடிக்கட்டும், உங்க ரெண்டு கையும் மெஷின்லயே இருக்கட்டும். முழங்காலால அழுத்திப் பிடிக்கிற பழக்கம் கை ரம்பத்தோட போகட்டும். பிளேடு மாத்தும்போது சுவிட்ச் ஆஃப் பண்ணினா பத்தாது, பிளக்கையே பிடுங்குங்க. பேட்டரி மெஷின்னா பேட்டரியைக் கழட்டுங்க.

கிளவுஸ் போட்டா பாதுகாப்புன்னு நினைப்போம். சுத்துற பிளேடுல தொளதொள கிளவுஸ் மாட்டினா கையையும் சேர்த்து உள்ள இழுக்கும். கழுத்துத் துண்டு, லுங்கி, தொங்குற சட்டைக் கை எல்லாத்துக்கும் இதேதான். கண்ணாடி கட்டாயம், மாஸ்க்கும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே வகைப்படுத்தியிருக்கு. சின்னப் பசங்க பக்கத்துல நின்னா மெஷினை நிறுத்திடுங்க.

இதையும் மீறி வெட்டுப்பட்டுட்டா: சுத்தமான துணியை வச்சு நேரா அழுத்துங்க, கையை உயர்த்திப் பிடிங்க, 108-க்கு போன் போடுங்க. காப்பித்தூள், மஞ்சள்தூள், டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். அதைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் போகும். மணிக்கட்டுல கயிறு போட்டு இறுக்காதீங்க. மோதிரம் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க.

விரல் துண்டாகி விழுந்திருந்தா அதைத் தேடி எடுங்க. நசுங்கியிருந்தாலும் எடுங்க, ஆகுமா ஆகாதான்னு நாங்க பார்த்துக்கிறோம். சுத்தமான தண்ணியில லேசா அலசி, ஈரத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டுங்க. அந்தக் கவரை ஐஸும் தண்ணியும் இருக்கிற இன்னொரு கவர்ல வைங்க. விரல் நேரா ஐஸ்ல படக் கூடாது, பட்டா திசு செத்துடும். ஃப்ரீசர், டெட்டால், ஸ்பிரிட் எதுவும் கூடாது. எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலயும் விரலை ஒட்ட வைக்க முடியாது. சென்னை ஸ்டான்லி மாதிரி கை அறுவை சிகிச்சைக்குத் தனித் துறை இருக்கிற இடத்துக்கோ, பிளாஸ்டிக் சர்ஜரி இருக்கிற மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவோம். அந்தப் பயண நேரத்தைத் தாங்குறதுக்குத்தான் இந்தக் குளிர்.

வர்ற வழியில மயக்கமா இருக்குன்னு டீ, ஜூஸ் வாங்கிக் கொடுக்காதீங்க. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியா இருக்கணும். வழியில குடிச்ச ஒரு டம்ளர் டீக்காக ஆபரேஷன் தள்ளிப் போகும்.