காசு கரைந்துவிடுமாம்

பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் அடுக்ககத்தின் பொதுக்குழு போன மாதம் கூடியது. மூன்றாவது பொருள், சேர்ந்து கிடக்கும் பழைய மடிக்கணினிகளை என்ன செய்வது என்பது. நகரின் வடக்கு ஓரத்தில் குப்பை பிரிக்கும் கொட்டகைகளில் வாழும் ரோஹிங்யா அகதிக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். நல்லது. கூடவே கொஞ்சம் பணமும் கொடுத்து, இணைய இணைப்பு, ரிப்பேர், பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எல்லாவற்றையும் அவர்களையே பார்த்துக்கொள்ளச் சொல்லலாமே என்றேன் நான். மின்விசிறிச் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. பிறகு பொருளாளர் (தங்கமான மனுஷர்) அன்பாகவே சொன்னார்: "அவங்க கையில குடுத்தா காசு கரைஞ்சிடும் சார். பெரிய என்ஜிஓ எதுனா மூலமா போலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலோடுதான் எனக்குச் சண்டை.

காக்ஸ் என்ற பெயருக்கும் அகதிகளுக்கும் விசித்திரமான ஓர் உறவு உண்டு. எங்கள் பேட்டையின் காக்ஸ், கண்டோன்மெண்ட் கலெக்டராக இருந்தவர். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்குப் பெயர் கொடுத்தவர் வேறு காக்ஸ்: ஹிராம் காக்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. இன்றைய மியான்மரிலுள்ள அரக்கானிலிருந்து தப்பி வந்தவர்களைக் குடியமர்த்த அனுப்பப்பட்டு, வேலை முடியுமுன்னே 1799-ல் இறந்துபோனார். 2017 ஆகஸ்டிலிருந்து அதே அரக்கானை விட்டு அதே ஊர்ப்பக்கம் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் ஓடிவந்தார்கள். 2019 செப்டம்பரில் அவர்கள் தங்கிய முகாம்களில் 3ஜி, 4ஜி சேவையை நிறுத்தும்படி வங்கதேச அரசு உத்தரவிட்டது. கொரோனா வந்தபோதும் நிறுத்தியது நிறுத்தியதுதான். 2020 ஆகஸ்ட் கடைசியில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட மாதங்களில், காய்ச்சல் கண்டால் எங்கே போவது என்று குடிசை குடிசையாகச் சொல்லிக்கொண்டு போனவர்களில் பெரும்பகுதி அகதிகளே. அவர்கள் கையில் காசு கரைந்துவிடும் என்கிறோம்.

"முதலில் சோறு, போன் அப்புறம்" என்பது இதே நம்பிக்கையின் தம்பி. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அகதிக் குடும்பங்களில் 29 விழுக்காட்டினரிடம் எந்தப் போனும் இல்லை. இருக்கிறவர்கள் கைச்செலவுக் காசில் மூன்றில் ஒரு பங்குவரை அதற்கே போடுகிறார்கள். அரைவயிறு சாப்பிட்டு டேட்டா போடுகிறவருக்கு எது முதல், எது அப்புறம் என்று நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

கரையும் என்கிறவர்கள் ஒருமுறை தர்மசாலா போய்வரலாம். 2005 தொடக்கத்தில் இந்திய அரசு வெளிப்புற வைஃபைக்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. உடனே வேலையில் இறங்கியவர்கள் திபெத்திய அகதிகள். இஸ்ரேலியப் பொறியாளர் யாஹெல் பென் டேவிட் கூட இருந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை; வெளியாள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை, அவர் எங்கே உட்காருகிறார் என்பதுதான் கேள்வி. வீட்டுக்கு வாங்கும் மலிவு ரூட்டரை மழை புகாத பெட்டியில் அடைத்து, மின்சாரம் இல்லாத முகட்டில் சோலார் தகடு வைத்து, ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்கு அலைவரிசையைத் தாவவிட்டார்கள். ஆண்டெனாவில் குரங்குகள் தொங்கின. குரங்கு தொங்கினாலும் வளையாத கம்பம் வேண்டும் என்பது எந்த நிதியாளரின் படிவத்திலும் வராத தேவை; மலையில் வாழ்கிறவனுக்குத்தான் தெரியும். சில ஆண்டுகளில் அந்த வலையில் பள்ளி, மடாலயம், அலுவலகம் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள். ஏர்ஜல்தி என்ற பெயரில் அது பிறகு இணையச் சேவை நிறுவனமாகவே வளர்ந்தது.

திபெத்தியர் கதை வேறு, அவர்களுக்கு உலகமே ஆதரவு என்பீர்கள். சரி, நம்மவரையே பார்ப்போம். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்கள், அடுத்த ஆண்டே தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்: ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் சுருக்கமாக 'ஒஃபர்'. முன்னின்றவர், ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ், இலங்கைக் குடியுரிமைப் பத்திரம் வாங்கித்தர அவர்கள் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். யார் எந்த முகாமில், தாய் தகப்பன் எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார்கள். ஒரு பெயரில் ஓர் எழுத்து பிசகினால் ஒரு பிள்ளைக்கு நாடே இல்லை. அந்தக் கணக்கைப் பிசகாமல் வைத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு ரூட்டர் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தத் தெரியாதாம்.

2021-லும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000 பேர் அளவில் இருந்தார்கள். அந்த ஆண்டு உயர்த்திய பிறகு அரசின் மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு ஆயிரம். இதில் மாதம் ஓட்டி, பிள்ளையைக் கல்லூரிக்கும் அனுப்புகிற பெண்ணைவிட எங்கள் பொருளாளர் சிக்கனக்காரரா? லிஃப்ட் பராமரிப்புக் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இல்லை.

காசை நேரடியாகக் கொடுக்கலாம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டுகூட விட்டது, காகிதத்தில். 2016-ல் இஸ்தான்புல் மாநாட்டில், மனிதாபிமான நிதியில் 25 விழுக்காட்டை 2020-க்குள் அந்தந்த மண்ணின் அமைப்புகளிடம் முடிந்தவரை நேரடியாகக் கொடுப்போம் என்று பெரிய நாடுகளும் நிறுவனங்களும் கையெழுத்துப் போட்டன. நேரடியாகப் போனது ஐந்து விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. நம் நாட்டிலோ 2020-ல் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதையே தடுத்துவிட்டது. பதிவு வேண்டுமென்றால் மூன்றாண்டு அனுபவமும் 15 லட்சம் செலவழித்த கணக்கும் காட்ட வேண்டும். காசு கொடுக்காததால் அனுபவம் இல்லை, அனுபவம் இல்லாததால் காசு இல்லை. செக்குமாடு சுற்றுவதற்குப் பெயர் கவனமாம்.

மோசடியே நடக்காதா? நடக்கும். அகதிகளிலும் அயோக்கியர் உண்டு, எங்கள் அடுக்ககத்தில் இருப்பதுபோல. ஆனால் கொட்டகையில் பத்தாயிரம் ரூபாய் காணாமல்போனால் மறுநாள் காலை அங்குள்ள நாற்பது குடும்பத்துக்கும் தெரிந்துவிடும். தலைமை அலுவலக வாடகை, ஆலோசகர் கட்டணம், திட்டத் தொடக்க விழா பேனர் என்று மேலேயே கரைகிற காசு யார் கண்ணிலும் படாது. அதற்குத் தணிக்கை முத்திரையும் இருக்கும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ரோஹிங்யாக்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குவது இன்று குதிரைக்கொம்பு. ஐ.நா. அட்டையைக் காட்டி ஒரு சிம் வாங்குவதே பாடு. அதனால் பதிவுபெற்ற சின்ன அறக்கட்டளை ஒன்று காசோலையில் கையெழுத்துப் போடட்டும். எதை வாங்குவது, யார் சொல்லித்தருவது, சம்பளம் எவ்வளவு என்பதைக் கொட்டகைப் பெண்களும் உட்கார்ந்த குழு முடிவெடுக்கட்டும். செலவுக் கணக்கை அவர்கள் மொழியில் சுவரில் எழுதி வைக்கட்டும். ஆறு மாதத்தில் தூக்கிப்போகும் திட்டமாக இல்லாமல் மூன்றாண்டுக்காவது கொடுக்க வேண்டும். எங்கள் அடுக்ககப் பணம் உள்நாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இதில் குறுக்கே வராது.

இது நமக்கும் புதிதல்ல. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது இதே நகரத்திலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஓசூருக்கும் சேலத்துக்கும் ஓடினார்கள். யார் வீட்டில் யார் ஒளிந்திருக்கிறார்கள், யார் ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்று விசாரித்து, எங்கள் தெருவே ஒரு பட்டியல் வைத்திருந்தது. எந்த என்ஜிஓவும் வரவில்லை. அன்று ஓடிப்போய்த் திரும்பியவர்கள் இருவர், போன மாதக் கூட்டத்தில் தலையாட்டியவர்களில் இருந்தார்கள்.

மடிக்கணினிகள் இன்னும் ஜெனரேட்டர் அறையில்தான் இருக்கின்றன, எந்தச் சார்ஜர் எதற்கென்று தெரியாமல் ஒரு மூட்டையாக. அடுத்த கூட்டத்துக்குக் கொட்டகையிலிருந்து இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பொருளை முதலாவதாக வைக்கும்படி செயலாளருக்கு எழுதியும் கொடுத்தாயிற்று. மூன்றாவதாக வைத்தால் பாதிப் பேர் டீக்கு எழுந்துவிடுவார்கள்.