பஞ்சு உடைத்த இறக்கை! கல்பனா சாவ்லா சாவில் துப்பு துலக்கிய துப்பாக்கி
(நமது நிருபர்)

"டமார்!"

ஒரே ஒரு சத்தம்தான். பார்த்துக்கொண்டு நின்ற சுமார் 100 பேரும் "ஆ!" என்று வாயைப் பிளந்தார்கள்.

2003-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், சான் அன்டோனியோ நகரம். அங்கே நீளக் குழாய் வைத்த ஒரு துப்பாக்கி. மருந்து கிடையாது. நைட்ரஜன் வாயுவை அமுக்கி வைத்துச் சுடுவது. அதில் போட்ட குண்டு என்ன தெரியுமா? ஈயம் அல்ல. இரும்பு அல்ல. வெறும் நுரைப்பஞ்சு! எடை முக்கால் கிலோ.

எதிரே நிறுத்தி வைத்திருந்தது விண்கலத்தின் இறக்கைப் பலகை. சுட்டதும் அதில் சுமார் 16 அங்குலத்துக்கு ஓட்டை விழுந்துவிட்டது. ஒரு ஆள் தலையை உள்ளே விட்டுப் பார்க்கலாம்.

கர்னாலில் பிறந்த நம் நாட்டுப் பெண் கல்பனா சாவ்லாவும், உடன் சென்ற 6 பேரும் எப்படிச் செத்தார்கள் என்பது அந்த நொடியில் வெளிச்சமாகிவிட்டது.

"பஞ்சாவது, உடைக்கிறதாவது!"

கொலம்பியா விண்கலம் 2003 ஜனவரி 16-ல் கிளம்பியது. கிளம்பி 82 நொடி ஆவதற்குள் பெரிய எரிபொருள் டாங்கில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு ஒரு துண்டு பெயர்ந்தது. இடது இறக்கையில் அடித்தது. காமிராவிலும் பதிவாகிவிட்டது.

என்ஜினீயர்கள் சிலர் பதறினார்கள். மேலே சுற்றுகிற கலத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று கேட்டார்கள். மேலிடம் கேட்கவில்லை. பிப்ரவரி 1-ந் தேதி, தரை இறங்க இன்னும் 16 நிமிடமே பாக்கி. கலம் டெக்சாஸ் வானத்தில் சிதறிப் போச்சு. 7 பேரும் பலி.

அதற்குப் பிறகும், பஞ்சு இதைச் செய்திருக்கும் என்று நாசா பெரியவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. விண்கலத் திட்ட மானேஜரே பத்திரிகைக்காரர்களிடம் அப்படித்தான் பேசினார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கையில் எடுத்தால் தெர்மோகோல் மாதிரி இருக்கிற பொருள். ஆனால் விஷயம் வேற. பெயர்ந்த பஞ்சை எதிர்க்காற்று பிடித்து நிறுத்திவிடுகிறது. பின்னாலேயே இறக்கை பாய்ந்து வருகிறது. பஞ்சு போய் இறக்கையில் மோதவில்லை, இறக்கைதான் வந்து பஞ்சில் மோதியது! இரண்டுக்கும் நடுவே மணிக்கு சுமார் 850 கிலோ மீட்டர் வேக வித்தியாசம். ஓட்டை வழியாகப் பின்னால் நெருப்புக் காற்று புகுந்து, உள்ளே இருந்த அலுமினியத்தை உருக்கிவிட்டது.

பொறுக்கி எடுத்த 84 ஆயிரம் துண்டுகளும், கிடைத்த ரெக்கார்டரும் இடது இறக்கை 8-ம் நம்பர் பலகையைத்தான் கை காட்டின. கோர்ட்டு பாஷையில் சொன்னால் சந்தர்ப்ப சாட்சி. கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் அல்லவா? அதற்குத்தான் துப்பாக்கி.

ஜூன் 6-ல் ஒரு பலகையைச் சுட்டார்கள். விரிசல் விட்டது. ஜூலையில் 8-ம் நம்பர் பலகை. அட்லாண்டிஸ் விண்கலத்தில் பறந்து பழசான அசல் பலகை. அதில்தான் அந்த ஓட்டை.

சுட்டது யார்?

நான் சொல்ல வந்ததே இதைத்தான். சுட்டது நாசாவின் கூடம் அல்ல. சவுத்வெஸ்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் என்ற தனி நிலையம். சர்க்கார் இலாகாவும் இல்லை, லாபக் கம்பெனியும் இல்லை. 1947-ல் டாம் ஸ்லிக் என்ற எண்ணெய்ப் பணக்காரர் தன் பண்ணையில் ஆரம்பித்தது. இந்த ஆள் ஒரு விசித்திரப் பேர்வழி. இமயமலையில் பனிமனிதனைத் தேடி ஆள் அம்போடு கிளம்பியவர்! 1962-ல் விமான விபத்தில் இறந்தார். நிலையம் நிற்கிறது. இன்றைக்கு 3 ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். என்ஜின் ஆயில் சோதனையும் அங்கேதான், தீப்பிடித்தால் எந்தப் பொருள் எப்படி எரியும் என்று பார்ப்பதும் அங்கேதான். புளூட்டோ பக்கம் 2015-ல் போன விண்கலத்தின் தலைமை விஞ்ஞானியும் அந்த நிலையத்துக்காரர்.

"காசு கொடுத்தவன் சொன்னபடிதானே ரிப்போர்ட் வரும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கேயும் கூலி வாங்கித்தான் வேலை. அந்தச் சோதனைக்கும் பணம் சர்க்கார் பணம்தான். ஆனால் படியளப்பவர் ஒருவர் இல்லை, ஏகப்பட்ட பேர். ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் உலை கொதிக்காமல் போகாது. இன்னொன்று, சோதனையைப் பூட்டிய அறைக்குள் செய்யவில்லை. ஊரைக் கூட்டி வைத்துச் சுட்டார்கள். விழுந்த ஓட்டையை யாரால் மறைக்க முடியும்?

நம்ம கதை

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி இடிந்த செய்திக்குப் போனேன். ஊர் பேர் வேண்டாம். சிமெண்டு கலவையைக் கையால் தேய்த்தால் மணலாக உதிர்ந்தது.

"சாம்பிள் யார் சார் எடுத்தாங்க?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"நாங்கதான் தம்பி."

"சோதனை எங்க சார்?"

"நம்ம லேபுலதான் தம்பி. ரிப்போர்ட் வரும், போன் பண்றேன்."

தொட்டியைக் கட்டியது அந்த இலாகா. பில் பாஸ் பண்ணியது அந்த இலாகா. இடிந்ததற்குக் காரணம் சொல்லப் போவதும் அதே இலாகா! திருட்டுக் கேசில் பிடிபட்டவனையே ஏட்டாக்கி விசாரிக்கச் சொன்ன மாதிரி. போன் இன்னும் வரவில்லை.

விண்கலத்துக்குப் பண்ணின சோதனையைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கேட்கலாமா என்று சிரிக்க வேண்டாம். தொட்டிக்குக் கீழே குடம் வைத்துக்கொண்டு நிற்பதும் உயிர்தான். இடிந்தால் சாம்பிளை இரண்டாகப் பங்கு போடட்டும். ஒரு பங்கு இலாகாவுக்கு. மறு பங்குக்கு சீல் வைத்து, அந்த இலாகாவோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத வெளி ஆராய்ச்சிக்கூடத்துக்கு. சோதனை என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லட்டும்.

காமிராவோடு வந்து நிற்க நாங்கள் தயார்.