ஐயம் கோழைத்தனம் அன்று

கோபர்கைரனே தொடங்கித் தாராவி வரை, தமிழ் இளைஞர்கள் பயிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் பலவற்றின் சுவரில் முகமது அலியின் படம் இருக்கும். அதன் கீழே தன்னம்பிக்கையைப் போற்றும் வாசகம் ஒன்றும் இருக்கும். சொற்கள் இடத்துக்கு இடம் மாறலாம், சாரம் ஒன்றே. தன்னை ஐயுறுபவன் மேடையேறும் முன்பே தோற்றுவிட்டான் என்பதே அது. தன்னம்பிக்கைச் சொற்பொழிவாளர்கள் இதை மூலதனமாக்கிக் கொண்டனர். பயிற்சியாளர்களுள் சிலரும் இதையே பாடமாக ஓதுகின்றனர். தோற்று இறங்கும் இளைஞனிடம், “உனக்கு நம்பிக்கை போதவில்லை” என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது.

இந்தக் கூற்று வரலாற்றுக்குப் புறம்பானது. இளைஞர்களின் உடலுக்கும் கேடானது. குத்துச்சண்டையில், அதிலும் ஹெவிவெயிட் பிரிவில், வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பது எந்தப் பாணி எந்தப் பாணியை எதிர்கொள்கிறது என்பதே. அந்த எதிர்ப்பாட்டை முன்கூட்டி உணரும் அறிவுக்குத்தான் ஐயம் என்று பெயர். அதைக் கோழைத்தனம் என்று ஏசுவோர், வீரனின் கையிலிருக்கும் விளக்கைப் பிடுங்கி எறிகின்றனர்.

சான்றுக்கு 1970களே போதும். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் ஜோ ஃபிரேசியர் 15 சுற்றுகளில் அலியை வென்றார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃபிரேசியரை ஆறு முறை வீழ்த்தி, இரண்டே சுற்றுகளில் ஆட்டத்தை முடித்தார். இரு மாதம் கழித்து கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். 1974 மார்ச்சில் அந்த நார்ட்டனையும் ஃபோர்மன் இரண்டாம் சுற்றில் சாய்த்தார். அலியை வென்ற இருவரை இரண்டிரண்டு சுற்றுகளில் நொறுக்கிய ஃபோர்மனை, அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் எட்டாம் சுற்றில் வீழ்த்தியவர் அலி.

நம்பிக்கையே வெற்றியின் அளவுகோல் எனில் இந்த முக்கோணத்தை எவ்வாறு விளக்குவது? கிங்ஸ்டனில் ஃபிரேசியரின் நம்பிக்கை திடீரென வற்றிப்போயிற்றா? அவர் அன்று தோல்வியறியாத உலகச் சாம்பியன். விளக்கம் உடலின் அசைவில் இருக்கிறது. ஃபிரேசியர் குனிந்து, தலையை அசைத்தபடி உள்ளே புகுந்து, இடக்கை ஹூக்கால் தாக்குபவர். நிமிர்ந்து நின்று பின்வாங்கியபடி ஆடும் அலிக்கு அது தீராத தொல்லை. ஃபோர்மனோ உள்ளே வருபவரைக் கைகளால் தள்ளி நிறுத்தி, கீழிருந்து மேலெழும் அப்பர்கட்டால் தாக்குபவர். குனிந்து வருவோரின் முகம் அவருக்கு வாகாகக் கிடைத்தது. நார்ட்டனின் வெற்றிக்குப் பின்னே பயிற்சியாளர் எடி ஃபட்ச் இருந்தார். அலி ஜாப் வீசும் கணத்தில் அவருடைய வலக்கை முகத்தைக் காக்கத் தவறுவதை அவர் கண்டிருந்தார். அதே கணத்தில் நார்ட்டனும் ஜாப் வீசவேண்டும் என்பதே அவர் வகுத்த வழி. அங்கே வென்றது கூர்ந்த பார்வை.

ஹெவிவெயிட்டில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. பிற பிரிவுகளில் எடைக்கு மேல்வரம்பு உண்டு. உடல்கள் ஏறத்தாழ ஒத்திருக்கும். இங்கே அந்த வரம்பு இல்லை. 2024 மே மாதம் ரியாத்தில் ஒலெக்ஸாண்டர் உசிக், தம்மைவிட 15 கிலோவுக்கும் மேல் எடையும் அரையடி உயரமும் கூடிய டைசன் ஃபியூரியை எதிர்கொண்டு வென்றார். டிசம்பரில் மீண்டும் வென்றார். அளவில் சிறியவர் பெரியவரை வெல்ல இயலும். ஆனால் தமக்கு எது இயலாது என்பதைத் துல்லியமாக அறிந்தவருக்கே அது கைகூடும். இப்பிரிவில் ஒரு குத்து ஆட்டத்தையே முடித்துவிடும். தவறைத் திருத்திக்கொள்ள அடுத்த சுற்று வாய்க்கும் என்பதற்கு உறுதியில்லை.

இது தமிழருக்குப் புதிய செய்தியும் அன்று. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என வடசென்னைக் குத்துச்சண்டை பரம்பரைகளாகப் பிரிந்து வளர்ந்தது. பரம்பரை என்ற சொல்லே ஆசானிடமிருந்து மாணவனுக்கு இறங்கும் ஆட்டமுறையைக் குறித்து நிற்கிறது. 2021-இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தில் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்த பாத்திரங்களுள் ஒருவன் டான்சிங் ரோஸ். அவனுடைய வலிமை கால்களில் இருந்தது. அந்தக் கால்களைப் படித்த பிறகே கபிலனால் அவனை வெல்ல முடிந்தது. ஆயினும் படத்தைப் பேசியோர் பலர் ‘ரோஷம்’ என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொண்டு ஆட்டமுறையைக் கைவிட்டனர். ரோஷம் மேடைக்கு அழைத்துச் செல்லும். மேடையில் என்ன செய்வது என்பதை அது சொல்லித்தராது.

இனி ஐயத்தின் மீதான குற்றச்சாட்டு. சுவரில் படமாக இருக்கும் அலியையே சாட்சிக்கு அழைக்கலாம். கின்ஷாசாவில் முதற்சுற்றில் அவர் துணிந்து தாக்கினார். ஃபோர்மன் சாயவில்லை. மேடையின் இடத்தைக் குறுக்கி எதிரியை மடக்குவதில் ஃபோர்மன் வல்லவர். தொடர்ந்து நகர்ந்தால் 32 வயது அலியின் கால்களே முதலில் ஓயும். தம் கால்களை அவர் ஐயுற்றார். ஆகவே கயிற்றில் சாய்ந்தார். அவருடைய பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டீயே கயிற்றை விட்டு விலகுமாறு கத்தினார். எதிரியின் ஆற்றல் வடியும் வரை அலி காத்திருந்தார். நம்பிக்கையின் உச்சமாகக் கொண்டாடப்படும் அந்த இரவு, தன் வரம்பை அறிந்த ஒருவரின் கணக்கிலிருந்து பிறந்தது. அன்று ஐயமே இன்றி வந்தவர், அதுவரை ஆடிய 40 ஆட்டங்களிலும் வென்றிருந்த ஃபோர்மன்தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. ஃபிளாய்ட் பேட்டர்சன் தம்மையே ஐயுற்றவர். 1962-இல் சிகாகோவில் சன்னி லிஸ்டனிடம் முதற்சுற்றிலேயே வீழ்ந்தபின், பிறர் அறியாதிருக்க ஒட்டுத் தாடி அணிந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு மறுஆட்டத்திலும் முதற்சுற்றிலேயே தோற்றார். ஐயம் அவரை அழித்தது என்பார்கள். ஆனால் அதே பேட்டர்சன் 1959-இல் இங்கமார் யொஹான்சனிடம் ஏழு முறை வீழ்ந்து பட்டத்தை இழந்து, 1960-இல் அவரையே வீழ்த்தி மீட்டவர். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல் மனிதர். அதே மனம், அதே ஐயம். எதிரில் நின்றவர் மட்டுமே வேறு. லிஸ்டனின் நீண்ட கைகளும் பேருடலும் பேட்டர்சனின் பாணிக்கு வாய்த்த மிகக் கொடிய எதிர்ப்பாடு. அதை மனநோயாகச் சித்திரிப்பது எளிது. ஆட்டத்தைப் படிப்பது கடினம்.

ஐயம் எல்லா நேரத்திலும் நன்று என்பது இங்கே வாதமன்று. குத்து விழும் கணத்தில் தயங்குபவன் அடிபடுவான். இந்த வேறுபாட்டை வள்ளுவர் தெளிவாகவே வகுத்திருக்கிறார். வலியறிதல் என ஓர் அதிகாரம் அமைத்து, செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை ஆகியவற்றை எடைபோடச் சொன்னார். தெரிந்துதெளிதலில், ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்றார். முதற்பாதியை மறைத்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் விற்பதே தன்னம்பிக்கை வணிகத்தின் சூழ்ச்சி.

அதன் விலையைச் செலுத்துவது உடல். 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில், 14 சுற்றுகள் முடிந்த நிலையில், கண்கள் வீங்கிப் பார்வை மங்கிய ஃபிரேசியரை எடி ஃபட்ச் எழவிடவில்லை. ஃபிரேசியருக்குத் தம்மீது ஐயமில்லை; அவர் ஆடவே விரும்பினார். அவர் சார்பில் ஐயுற ஒருவர் அருகில் இருந்தார். ஒரு பயிற்சியாளரின் முதற்கடமை அதுவே.

அலிக்கு அந்த ஐயம் காலம் கடந்தே வந்தது. 1980-இன் தொடக்கத்தில் அவர் இந்தியா வந்தார். டெல்லியில் கவுர் சிங்குடன் காட்சி ஆட்டம் ஆடினார். சென்னை நேரு விளையாட்டரங்கில், எம்.ஜி.ஆர். முன்னிலையில், ஜிம்மி எல்லிஸுடன் ஆடினார். சென்னை மக்கள் கண்டு மகிழ்ந்தது ஓய்வு பெற்றுவிட்ட ஒரு மாவீரரை. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, 38 வயதில், தம்மால் இன்னும் முடியும் என்ற குன்றாத நம்பிக்கையோடு லாரி ஹோம்ஸ் முன் நின்றார். நடுவர் எவரும் ஒரு சுற்றைக்கூட அவருக்கு வழங்கவில்லை. பத்தாம் சுற்றுக்குப் பின் டண்டீ ஆட்டத்தை நிறுத்தினார். 1984-இல் பார்க்கின்சன் நோய்க்குறி வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதில் குத்துகளின் பங்கு எவ்வளவு என்பது மருத்துவர்களின் விவாதத்துக்கு உரியது. அன்றைய அடிகள் தவிர்க்கக்கூடியவை என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. ஐயுற மறந்த அலியையும் சேர்த்தே வணங்குகிறோம் என்பதை அந்தச் சுவர்ப்படங்கள் சொல்வதில்லை.

எனவே கோபர்கைரனேயில் மாலை வேலை முடிந்து கையுறை அணியும் இளைஞன், “அவன் என்னைவிட உயரம், இடக்கைக்காரன், எனக்கு அச்சமாக இருக்கிறது” என்று சொன்னால், அவனுக்கு வாசகத்தைக் காட்ட வேண்டாம். அவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். எந்தப் பக்கம் நகர்வது, எந்தக் காலை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் அவனுக்குக் கற்றுத்தர வேண்டும். கற்றுத்தரத் தெரியாதவர்களே நம்பிக்கையைப் போதிக்கின்றனர்.