பனி பெய்யாத ராத்திரி

கோடை வந்துவிட்டால் வீட்டுக்கு ஒரு ஜோசியர் முளைத்துவிடுகிறார், கவனித்திருக்கிறீர்களா? ராசிபலன் ஜோசியரைச் சொல்லவில்லை. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் கோப்பை யாருக்கு என்று சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு அடித்துச் சொல்கிறாரே, அவரைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அந்தப் பதவி என் கணவருக்கு. 2024-ல் சென்னைக்குத்தான் கோப்பை என்று பங்குனியிலிருந்தே பாராயணம் பண்ணினார். மே 18-ஆம் தேதி பெங்களூரில் சென்னை ஜயிக்கக்கூட வேண்டாம். 17 ரன்னுக்கு மேல் தோற்காமல் இருந்தால் போதும். 27 ரன்னில் தோற்று ஊர் திரும்பியது. மறுநாள் மோர்க்குழம்பில் நான் உப்புப் போட மறந்துவிட்டேன். மனுஷர் அதைக்கூடக் கவனிக்கவில்லை என்றால் பாருங்களேன்!

அந்த வாரக் கடைசியில் ஆம்பூரில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன். அசல் ஜோசியரை அங்கேதான் சந்தித்தேன்.

அத்தை வீட்டுப் பின் போர்ஷனில் குடியிருக்கும் அக்கா அவள். பூட்ஸ் கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். (திருநாவுக்கரசரைச் சொல்லவில்லை, பூட்ஸின் மேல்பாகத்துக்குத் தோல் தொழிலில் அதுதான் பெயர்.) விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்துப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். வந்ததும் உலையை வைத்துவிட்டு, அத்தை வீட்டு டெலிவிஷன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய சாஸ்திரம் எல்லாம் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு தாள்.

"இன்னாம்மா பெரிய கஷ்டம் இதுல?" என்றாள் என்னிடம். "லீக் முடிஞ்சு நாலு பேர் நிப்பாங்க. மொத ரெண்டு பேரு மோதுவாங்க. ஜெயிச்சவன் நேரா பைனல். தோத்தவனுக்கு இன்னொரு சான்ஸ். மூணாவது, நாலாவது ஆளு மோதினா தோத்தவன் வீட்டுக்கு. மூணாவது ஆளு கப் வாங்கணும்னா மூணு மேட்ச் வரிசையா ஜெயிக்கணும். மூணு ஷிப்ட் சேர்ந்தாப்பல பார்த்தவ தையலும், தூங்கி எழுந்து வந்தவ தையலும் ஒண்ணா இருக்குமா?"

அவள் கணக்கை நான் சென்னைக்கு வந்து சரிபார்த்தேன். இந்த முறை வந்தது 2011-ல். அது முதல் 2025 வரை பதினைந்து வருஷத்தில் பன்னிரண்டு தடவை, முதல் குவாலிபயரில் ஜயித்த அணியே கோப்பையையும் வாங்கியிருக்கிறது. தப்பியவை 2013, 2016, 2017 மட்டுமே. அதிலும் இரண்டு தடவை மும்பை, முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டு மறு வாசல் வழியாக வந்தது. மூன்றாவது இடத்திலிருந்து ஏறி வந்து வாங்கியது 2016-ல் ஹைதராபாத் ஒன்றுதான். லீக்கில் முதலாவதாக வருவதில் இவ்வளவு மகிமை இல்லை. 2008 முதல் 2025 வரை பதினெட்டு வருஷத்தில் அப்படி வந்தவர்கள் கோப்பை வாங்கியது ஆறே தடவை.

ஆனால் நான் அங்கே இருந்த மே 24-ஆம் தேதி ராத்திரி, இந்தச் சாஸ்திரம் உதவாத ஆட்டம். கல்கத்தா ஏற்கெனவே பைனலில் இருந்தது. அவர்களோடு மோதப்போவது யார் என்று சேப்பாக்கத்தில் ஹைதராபாத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போட்டி. வீடு இரண்டுபட்டிருந்தது. அத்தை அசுவின் இருக்கும் ராஜஸ்தான் பக்கம். அத்தையின் பேரன் சேலத்து நடராஜனுக்காக ஹைதராபாத் பக்கம்.

அக்கா பனியின் பக்கம்.

"ராத்திரி ஏற ஏற பனி இறங்கும். ஈரத் தோலை விரல் பிடிக்காது. இருபது வருஷமா தோலைத் தொடறேன், எனக்குத் தெரியாதா? ரெண்டாவதா பந்து போடறவனுக்குச் சுழலாது" என்றாள். ராஜஸ்தான் டாஸ் ஜயித்து, முதலில் பந்து போடுகிறேன் என்றதும் காலண்டர் தாளில் 'ராஜஸ்தான்' என்று எழுதிக் கோடு போட்டாள். அவள் மகன், பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன், எட்டிப் பார்த்துவிட்டுக் கைப்பேசியோடு வாசலுக்குப் போனான். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஹைதராபாத் 175 எடுத்தது. பனி வரவில்லை. சேப்பாக்கத்துக் காய்ந்த தரையில் ஷாபாஸ் அகமதும், மட்டை வீரன் என்று பெயர் வாங்கியிருந்த அபிஷேக் சர்மாவும் ஐந்து பேரைச் சுருட்டினார்கள். 36 ரன் வித்தியாசம். டாஸ் ஜயித்த காப்டனுக்கும் அக்காவுக்கும் ஒரே தப்பு. அத்தைக்கு வருத்தம், பேரனுக்குக் கொண்டாட்டம். அக்கா சிரித்துக்கொண்டே, "சாமி நம்மை ஏமாத்திடுச்சு பெரியம்மா" என்று எழுந்துபோனாள்.

மறுநாள் காலையில் அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. பையன் இரண்டாம் வருஷச் சம்பளம் கட்டுவதற்கு வைத்திருந்த நாலாயிரம் ரூபாயைக் கைப்பேசிப் பந்தயத்தில் ராஜஸ்தான் மேல் வைத்திருந்தான். அவள் அடித்திருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "யாரைக் கேட்டுடா வெச்சே?"

"நீதானேம்மா எழுதினே?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. எனக்கும் இருந்திருக்காது. ஜோசியம் சொன்னபோது அவள் மனசில் பந்தயம் என்ற நினைப்பே கிடையாது. சிநேகிதிகளோடு ஒரு பிரியாணிப் பொட்டலம், அதற்குமேல் அவள் போனதில்லை. பணத்தை அத்தை கடனாகக் கொடுத்தாள். பையன் லீவு முழுவதும் பூட்ஸ் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைக்குப் போய் அடைத்தான்.

26-ஆம் தேதி பைனல். காலையில் பேரன் வழக்கம்போல், "இன்னிக்கு யாரு அத்தை?" என்று கேட்டான். அக்கா ஒன்றும் சொல்லாமல் தாளில் எழுதி நாலாக மடித்து, அத்தையின் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டாள். "மேட்ச் முடிஞ்சப்புறம் எடுங்க" என்றாள். ஹைதராபாத் 113 ரன்னில் சுருண்டது. ஐ.பி.எல். பைனல்களிலேயே அவ்வளவு குறைந்த எண்ணிக்கை கிடையாது. கல்கத்தா எட்டு விக்கெட்டில் ஜயித்து, பதினோராவது ஓவரிலேயே வேலையை முடித்துவிட்டது. டப்பாவைத் திறந்தது அவள் பையன்தான். 'கல்கத்தா' என்று இருந்தது. படித்துவிட்டு மறுபடியும் நாலாக மடித்து உள்ளேயே வைத்தான்.

2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு, பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் போட்டது. அந்தச் செய்தியை அத்தைதான் எனக்குப் போனில் படித்துக் காட்டினாள். ஏதோ தானே ஓட்டுப் போட்டு நிறைவேற்றியதுபோல் அவ்வளவு பெருமை!

அதற்கு முன்பே, அந்த வருஷ ஜூன் 3-ஆம் தேதிப் பைனலுக்கு முதல்நாள், நான் அக்காவுக்குப் போன் செய்தேன். என் கணவர் பஞ்சாப் என்று சாதித்துக்கொண்டிருந்தார். லீக்கில் முதலாவதாக வந்தது அதுதானே! பெங்களூரோ பதினேழு வருஷமாக வெறுங்கையோடு இருந்த அணி. ஆனால் முதல் குவாலிபயரில் பஞ்சாபை 101 ரன்னில் மடக்கியிருந்தது.

"எதுக்கும்மா கேக்கறே?" என்றாள் அக்கா.

"பிரியாணிக்கு."

"அப்போ பெங்களூர்."

ஆறு ரன் வித்தியாசத்தில் பெங்களூர் ஜயித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ரயிலேறி ஆம்பூருக்குப் போய், சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்ப் பச்சடியுமாக ஐந்து பொட்டலம் வாங்கினார். ஒன்றைப் பின் போர்ஷனில் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.